தங்கபுஷ்பத்திடம் கேட்காமல் எடுத்தது

எங்கள் சீனிப்பாத்தியில் ஒருவருக்குக் காலில் புண் வந்துவிட்டால் அது வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி ஆகிவிடும். அதற்கென்று ஒரு பழைய வேட்டித் துணி, அதற்கென்று ஒரு தாழ்ந்த முக்காலி, கல்யாணப் பந்தியில்கூட யாரும் மிதித்துவிடாத ஓரமாக அதற்கென்று ஓர் இடம், விருந்தாளி வந்தால் பிள்ளைகளின் படிப்பை விசாரித்த கையோடு அதையும் விசாரிப்பது என்று எல்லாம் ஒழுங்காக நடக்கும், ஆறுவது மட்டும் நடக்காது. ஊருக்குச் சீனிப்பாத்தி என்று பேர் வைத்தவர் யாரோ தெரியாது, குசும்பு பிடித்த ஆள் என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பைத் தவிர வேறெதுவும் இங்கே விளைந்ததில்லை. விடிந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் நின்று, உப்புப் பரல் குத்திக் கீறி, கீறலுக்குள் உப்பு புகுந்து, மறுநாள் அதே காலோடு அதே பாத்தியில் இறங்கினால் புண்தான் என்ன செய்யும், ஆறலாம் என்று அது நினைத்தாலும் அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

நான் பிலோமினா, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாகக் கட்டுப் போடும் நர்ஸ். இந்தக் கதையில் தப்பு செய்தது யாரென்று யாரும் தேடிச் சிரமப்பட வேண்டாம், நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்ல நாக்கு கொஞ்சம் சுலபமாகப் புரளும். என் வீட்டுக்காரர் சந்தியாகுவுக்கும் வலது குதிகாலில் ஒரு புண் இருந்தது. இரண்டு வருடமாக நான் ஊர்ப் புண்ணையெல்லாம் கட்டிவிட்டு வந்து கடைசியாக அதைக் கட்டுவேன், அது ஒவ்வொரு மாதமும் ஒரு நூலளவு உள்ளே போய்க்கொண்டிருந்தது, இனி முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் வழி என்று பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஜெயசீலன் எங்கள் ஊருக்கு வந்தார். கூடவே துணி துவைக்கும் மிஷினைவிடச் சின்னதாக, சுற்றும்போது தேனீக் கூட்டம் மாதிரி முனகுகிற ஒரு மிஷினும் வந்தது. மனிதர் நல்லவர், சொந்த ஊரில் இருக்கிற வசதியை விட்டுவிட்டு வந்தவர், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்.

"நம்ம உடம்புக் கொழுப்புக்குள்ள குருத்தணுக்கள்னு கொஞ்சம் இருக்கு சிஸ்டர். தான் என்னவா ஆகணும்னு அது இன்னும் முடிவு பண்ணல. கொழுப்பை எடுத்துக் கழுவி, இந்த மிஷின்ல சுத்தவிட்டா அது மட்டும் அடியில தங்கும். அதை எடுத்துப் புண்ணைச் சுத்தி ஊசியில போட்டா, புதுசா ரத்தக்குழாய் வரும், தோல் வளரும். அவங்கவங்க வயித்துல இருந்தே எடுத்து அவங்கவங்களுக்கே போட்டுடலாம்."

நல்ல ஏற்பாடுதான், ஆனால் அவர் எங்கள் ஊர் வயிறுகளைப் பார்க்காமல் போட்ட ஏற்பாடு. வரிசையாகப் படுக்கவைத்து ஒவ்வொரு வயிற்றையும் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார், கிள்ளின இடத்தில் தோல் மட்டும் வந்தது, தோலுக்குப் பின்னால் எலும்புதான் நின்றது. பதினொரு பேரைப் பார்த்து முடித்து, கையைக் கழுவிக்கொண்டே, இந்த ஊரில் யாரிடமுமே ஒரு டம்ளர் கொழுப்பு கிடையாதா என்று கேட்டார்.

ஒருத்தியிடம் இருந்தது. மாவு மில் தங்கபுஷ்பத்திடம் இருந்தது.

வெயிலில் உருகி ஒடுங்கிப்போன எங்கள் ஊரில் தங்கபுஷ்பம் எப்படி அவ்வளவு பருமனாக வளர்ந்தாள் என்பதற்கு யாரிடமும் காரணம் இல்லை. இருபது வருடமாக மூச்சில் இழுத்த மாவெல்லாம் உள்ளே போய்ச் சதையாகப் படிந்துவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. காலையில் மில்லைத் திறந்து, ஊர் அரிசியையும் மிளகாயையும் அரைத்து, படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்கு நடுவில் ஓடிப்போய் ஒரு வாய் ஊட்டி, தலை முதல் கால்வரை வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு நிற்பாள். அவளை ஊர் அம்பாரம் என்று கூப்பிட்டது. பாத்தியில் வாரின உப்பை மேட்டில் மலையாகக் குவித்து வைப்போமே, அதற்குப் பெயர் அம்பாரம். அந்தப் பேரை அவளுக்கு வைத்தது என் வீட்டுக்காரர். அவளைப் பெண் பார்க்க ஆறுமுகநேரியிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டபோது, இருபத்திரண்டு வயசுத் திமிரில், கூட்டாளிகள் சிரிக்க வேண்டுமென்பதற்காக, "அம்பாரம் வீடா, நேராப் போங்க, வாசல அடைச்சுக்கிட்டு ஒண்ணு நிக்கும், அதுதான்" என்று சொன்னார். அவர்கள் அதே பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்க யாரும் வரவில்லை, பேர் மட்டும் தங்கிவிட்டது.

அப்படிப்பட்ட தங்கபுஷ்பம் அந்த மாதமே தொப்புள் பக்கம் குடல் பிதுங்கிக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கே ஆபரேஷனுக்கு வந்தாள். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அடுத்தவர் கொழுப்பிலிருந்து எடுத்தாலும் வேலை செய்யும் என்றும், எப்படியும் வயிற்றைத் திறக்கத்தான் போகிறோம் என்றும், அவளுக்கு ஒரு கெடுதலும் வராது என்றும் சொல்லிவிட்டு, "ஆனா சம்மதம் வேணும் சிஸ்டர். நீங்க ஊர்க்காரங்க, பக்குவமா நீங்களே கேட்டுடுங்க" என்றார்.

நான் கேட்கப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை தின்றுகொண்டிருந்தாள், எனக்கும் ஒன்று நீட்டினாள். அக்கா, ஊர் சிரித்த உன் சதையில் கொஞ்சம் வேண்டும், அதில் ஒரு பங்கு உனக்குப் பேர் வைத்த ஆளின் காலுக்குப் போகும் என்று எப்படிச் சொல்வது. அவள் மனசு புண்படும் என்பதால்தான் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சுளையை வாங்கித் தின்றுவிட்டு, ஆபரேஷனுக்கான காகிதத்தில் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து, "கேட்டுட்டேன் சார், சரின்னுட்டா" என்றேன். அந்த மூன்று வார்த்தை சொல்ல எனக்கு ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை, அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மிஷின் முனகியது. பதினொரு பேருக்கும் ஊசி போட்டோம். மூன்றாம் வாரம் புண்களின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கரை தெரிந்தது, இரண்டாம் மாதம் குழிகள் மேடாயின, நாலாம் மாதம் பதினொரு காலிலும் புதுத்தோல் மூடி, கறுத்து வெடித்த பாதங்களில் அது மட்டும் பச்சைப் பிள்ளையின் கன்னம் போல மெதுமெதுவென்று இருந்தது. சந்தியாகு செருப்பில்லாமல் வாசலில் நடந்து காட்டினார். நான் மாதா கோவிலுக்கு மெழுகுதிரி கொண்டுபோனேன், யார் பேருக்கு ஏற்றுவது என்று தெரியாமல் பேர் சொல்லாமல் ஏற்றிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் கால்கள் அழ ஆரம்பித்தன.

முதலில் சீழ் என்று பயந்து ஓடி வந்தார்கள். புதுத்தோலில் எங்கும் வெடிப்பில்லை, சிவப்பில்லை, வலியில்லை, ஆனால் அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர் அரும்பி விளிம்பில் கூடி இறங்கியது. டாக்டர் ஒரு கண்ணாடிச் சில்லில் எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு வந்து, "கண்ணீர், சிஸ்டர்" என்று ரத்த வகையைச் சொல்வது போலச் சொன்னார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். பதினொரு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது, ஒரே நேரத்தில் நின்றது. பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டிலிருந்து மூன்று மணிக்குள்.

எங்கள் ஊர் எதையும் பழகிக்கொள்ளும். அந்தப் பதினொரு பேரும் இடுப்பில் ஒரு கைக்குட்டை அதிகமாகச் செருகிக்கொண்டார்கள். அழுகிற காலோடு பாத்திக்குள் நின்றால் உப்பு கலங்கும் என்று கங்காணி ஒரு புது விதி கண்டுபிடித்து, இரண்டு மணிக்கு அவர்களை வரப்பில் ஏறி உட்காரச் சொன்னார், இதனால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. கோவிலில் அவர்களுக்கென்று கோணிச் சாக்கு விரித்தார்கள். டவுன்பஸ் கண்டக்டர் கால் ஈரமாக இருப்பவருக்குச் சீட்டு பிடித்துக் கொடுத்தார். குழாயடியில் பெண்கள் மழையைப் பற்றி விசாரிப்பது மாதிரி விசாரித்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு ஒங்க வீட்டுல எப்படிக்கா?"

"காலைல லேசா ஈரம். பத்து மணிக்கு மேல காஞ்சிருச்சு. ஒரு மணிக்குப் பொறவு சொல்ல முடியாது."

யாருடைய அழுகை அது என்பது ஒரு மிளகாய்த்தூளால் தெரிந்தது. பதினொரு பேரில் ஒருவரான அருணாசலம் மில்லில் மிளகாய் அரைக்க நின்றிருந்தார். முன்னால் நின்ற வெளியூர் வியாபாரி ஒருவர், "அம்பாரம், கொஞ்சம் ஒதுங்குனா காத்தாவது வரும்" என்றார். தங்கபுஷ்பம் வாய் விட்டுச் சிரித்துக்கொண்டே ஒதுங்கினாள். அந்த நிமிஷம் அருணாசலத்தின் குதிகாலிலிருந்து தண்ணீர் ஒழுகி மாவுத் தரையில் ஓடியது. அவர் காலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. தூளை வாங்காமலே நேராக என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், எங்க காலுல இருக்கது புஷ்பத்தோட உடம்பா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் இன்னொரு பொய் சொன்னேன்.

"ஆமா அண்ணாச்சி. அவளாத்தான் குடுத்தா. ஆனா யாருகிட்டயும் சொல்லக்கூடாது, தன்கிட்டயும் யாரும் இதப் பத்திப் பேசக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. தயவு செஞ்சு அவகிட்ட மூச்சு விட்டுராதிய."

ஊர் அந்தப் பொய்யை அப்படியே நம்பியது, நம்பினதோடு நிற்காமல் அதைக் காப்பாற்றவும் செய்தது. ஒரே வாரத்தில் அம்பாரம் என்ற பேர் ஊரை விட்டுப் போய்விட்டது, உப்புக் குவியலைக்கூட ஆட்கள் கொஞ்ச நாள் குவியல் என்றே சொன்னார்கள். மில்லில் யார் மாவு முதலில் என்று நடக்கிற சண்டை நின்றது. அவள் மூட்டை தூக்க நாலு பேர் ஓடிவந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து மீன் குழம்பு, ஒரு வீட்டிலிருந்து பணியாரம், பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு அவளுக்கு ஒரு பேச்சும் இல்லாமல் கிடைத்தது. அது நன்றி பாதி, கால் நனைந்துவிடக் கூடாதே என்ற பயம் பாதி. எது எவ்வளவு என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. அவள் ஒரு நாள் மருந்து வாங்க வந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மாயமோ பிலோமி, இப்பல்லாம் ஊரு என்னைய மனுசியாப் பாக்குது. எங்கம்மா கும்பிட்ட சாமி கண்ணத் தொறந்துட்டு போல" என்றாள். நான் மாத்திரையை எண்ணிக்கொண்டே இருந்தேன், எண்ணிக்கை தவறி மறுபடி எண்ணினேன்.

என் வீட்டுக்காரர்தான் அதிகமாக மாறினார். தினமும் பாத்திக்குப் போகும்போது மில் வாசலில் நின்று, "புஷ்பம், சௌரியமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார். வீட்டுக்கு வந்து குதிகாலைத் தடவிக்கொண்டு, "அவ என்னைய மன்னிச்சுட்டா பிலோமி. இல்லன்னா எனக்குன்னு தெரிஞ்சும் குடுத்திருப்பாளா" என்பார். மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கின மனிதராக நிம்மதியாகச் சாப்பிடுவார். நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவேன், வேறென்ன செய்ய.

இப்படியே ஒன்றரை வருடம் போயிருக்கும், தங்கபுஷ்பத்தின் அம்மா சொர்ணத்தாய் இறந்துபோனாள்.

சாவு விழுந்தது காலை எட்டு மணிக்கு. ஏழு மணி ஐம்பது நிமிஷத்துக்கே பாத்தியில் நின்ற பதினொரு பேரும் வரப்பில் ஏறிவிட்டார்கள், இன்றைக்கு ஏதோ பெரிதாக நடக்கிறது என்று அவர்களுக்குக் கால் சொல்லிவிட்டது. நான் போனபோது பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தங்கபுஷ்பம் இருந்தாள். பாட்டு வந்தது, குரல் வந்தது, மாரில் அடித்துக்கொண்டாள், தலையை விரித்துப்போட்டாள், பத்து வருடம் அம்மாவைப் புரட்டிப்போட்டுக் குளிப்பாட்டியதை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள், ஆனால் அவள் கண்கள் மட்டும் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டு இல்லை. கண்ணைக் கசக்கினாள், முந்தானையால் அழுத்தினாள், அப்போதும் இல்லை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"பெத்தவளத் தூக்கப்போற நேரத்துலயும் கண்ணு கலங்கலயே. கெடையில கெடந்தவ போனது நிம்மதி போல."

"மாரடிக்கது ஊருக்காக."

காதில் விழட்டும் என்றே சொன்னார்கள், அவள் காதில் விழுந்தது. எங்கள் பக்கம் பெற்றவளுக்கு மகள் அழுகிற அழுகையை ஊர் வருடக்கணக்காக ஞாபகம் வைத்திருக்கும், அழாததை அதைவிட அதிகமாக ஞாபகம் வைத்திருக்கும். அவள் பாட்டை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே பந்தலில் பதினொரு பேரின் கால்களும் ஓடிக்கொண்டிருந்தன. வாசலிலிருந்து பாடைத் தேர் வைத்த இடம் வரைக்கும் ஈரக் காலடி, நாற்காலிக்குக் கீழே குட்டை, யாரோ குடத்தைச் சாய்த்துவிட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் ஒதுங்கி நடந்தார்கள். என் வீட்டுக்காரர் மில் படியில் உட்கார்ந்து காலைச் சாக்கடைப் பக்கம் நீட்டியிருந்தார், அவர் துணியை நான் நாலு தடவை பிழிந்தேன். பதினொரு பேரும் வாய் திறக்கவில்லை, அவள் வாங்கினதாக நான் சொன்ன சத்தியத்தை அவர்கள் காத்து நின்றார்கள். பிழிந்த துணியிலிருந்து இறங்கினது யாருடைய கண்ணீர் என்று அந்தக் கூட்டத்திலேயே தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"பிலோமி, கண்ணுல என்னமோ வத்திப்போச்சு. ஆபரேசன் பண்ணதுக்குப் பொறவுதான் இப்படி. மாவு படிஞ்சு அடைச்சிட்டோன்னு இருந்தேன். எம்மாவுக்குக்கூட வரல பாரு. எதாவது மருந்து இருந்தா குடேன்."

நான் சொட்டு மருந்து எடுத்துக் கொடுத்தேன். எப்படிப் போட வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தேன்.

அதே வாரம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மாரிக்கனி என்று ஓர் உப்பளத்துப் பெண், முப்பது வயசு, கணுக்கால் வரைக்கும் புண் ஏறிவிட்டது, அவளுக்கும் உடம்பில் கிள்ள ஒன்றும் இல்லை. "மில்லு அம்மாகிட்ட இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க சிஸ்டர். போன தடவ உடனே சரின்னாங்களே, பெரிய மனசு" என்றார். அவர் அதைச் சொன்னபோது எனக்கு இரண்டு வழி இருந்தது. உனக்குக் குடல் மறுபடி பிதுங்கியிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லி அவளை மேஜையில் படுக்கவைக்கலாம், அவள் நம்புவாள். இல்லையென்றால் மில்லுக்குப் போக வேண்டும். முதல் வழியை நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

மத்தியானம் இரண்டரை மணிக்குப் போனேன். மில் நின்றிருந்தது, தினமும் இரண்டிலிருந்து மூன்று வரைக்கும் அவள் தனியாக இருக்கிற நேரம் அது. மாவுச் சாக்கின் மேல் உட்கார்ந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள், அது கன்னத்தில் வழிந்து மாவில் இரண்டு கோடு போட்டிருந்தது.

"ஒம் மருந்து நல்லாத்தான் ஓடுது. ஆனா இது என்னுது இல்லயே பிலோமி" என்றாள்.

நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஆரஞ்சுச் சுளையிலிருந்து ஆரம்பித்து, காகிதம், மிஷின், பதினொரு கால், சத்தியம், மீன் குழம்பு, பந்தலில் ஓடின ஈரம், இப்போது மாரிக்கனியின் கணுக்கால் வரைக்கும் சொன்னேன். அவள் மருந்துக் குப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் தன்னை மனுசியாகப் பார்த்ததற்குக் காரணம் என்ன என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எம்மா செத்தன்னைக்கு... அழுதுச்சா, அந்தக் காலெல்லாம்?"

"அழுதுச்சுக்கா."

"எவ்வளவு நேரம்?"

"எட்டு மணிக்கு முன்னயே ஆரம்பிச்சுட்டு. சாயந்திரம் சுடுகாட்டுல இருந்து ஆளுவ திரும்புற வரைக்கும் நிக்கல. நான் துணி பிழிஞ்சேன்."

"அப்ப நான் அழுதிருக்கேன்" என்றாள். அவளுடைய தோள் இரண்டும் இறங்கின. "எங்க சித்தி மக்கமாரு பேசுன பேச்சுல, நான் எம்மாவ நெசமாவே பாரமா நெனச்சிட்டேனோன்னு அஞ்சு நாளா என்னையவே நான் நம்பல. சரி. அழுதிருக்கேன்."

நான் அவள் காலடியில் உட்காரப் போனேன். "எந்திரி" என்றாள், சத்தம் போடாமல்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பாக்கியா? பத்துப் பேருக்குக் குடுத்திருப்பேன். ஒம் புருசனுக்குக் குடுத்திருக்க மாட்டேன். அது ஒனக்குத் தெரியும். அதனாலதான் நீ கேக்கல."

ஆமாம். இரண்டு வருடமாக அவள் மனசு புண்படும், அவள் கூச்சப்படுவாள் என்று நான் எனக்குள் அடுக்கி வைத்திருந்த அத்தனை காரணத்தையும் அவள் ஒரே தள்ளில் தள்ளிவிட்டாள், அடியில் இது ஒன்றுதான் இருந்தது. "ஆமாக்கா" என்றேன்.

"மாரிக்கனிய வரச் சொல்லு. நீ கூட வராத. அவளா வந்து, வாயத் தொறந்து கேக்கட்டும். மத்தவங்களும் வரட்டும். எடுத்தாச்சு, இனி என்ன கேக்கன்னு யாரும் சொல்லக் கூடாது. எடுத்ததுக்குத்தான் கேக்கணும்."

மாரிக்கனி மறுநாள் கம்பு ஊன்றிப் போய்க் கேட்டாள். எவ்வளவு வேண்டுமென்று டாக்டரிடம் கேட்டு வரச் சொல்லி, அந்த வாரமே வந்து படுத்துக்கொண்டாள் தங்கபுஷ்பம். நான் அவரிடமும் உண்மையைச் சொல்லியிருந்ததால் டாக்டர் இந்தத் தடவை என்னை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரே கேட்டார், அவரே கையெழுத்து வாங்கினார். அன்று முதல் அவர் என்னிடம் மருந்துப் பேர்களைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை. மாரிக்கனியின் புண் மூன்று மாதத்தில் மூடியது. அவள் காலில் இதுவரை ஒரு சொட்டு ஈரமும் அரும்பவில்லை.

நான் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்ன பிறகு, பதினொரு பேரில் பத்துப் பேர் ஒருவர் பின் ஒருவராக மில்லுக்குப் போனார்கள். முதலில் போனவர் அருணாசலம். தெரியாமல் வாங்கிக்கொண்டேன், வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், வச்சுக்கோங்க அண்ணாச்சி என்றாள், அந்தக் கணமே அவர் குதிகால் காய்ந்துவிட்டது. ஒவ்வொரு கால் காயக் காய அவள் கண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் திரும்பியது. பத்தாவது ஆள் கேட்டுவிட்டுப் போன அன்று மில்லை நிறுத்திவிட்டு, உள்ளே போய், அம்மா கிடந்த கட்டிலில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது. ஊரே வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்று கேட்டது, யாரும் உள்ளே போய் ஆறுதல் சொல்லவில்லை, அவளை அழ விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் போகவில்லை. நான் உண்மையைச் சொன்ன அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கையைக் கழுவாமலே எழுந்து போய்ச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். மூன்று நாள் அப்படியே கிடந்தார். கால் போயிருந்தால்கூட அவர் அப்படிக் கிடந்திருக்க மாட்டார். மன்னித்துவிட்டாள் என்று நம்பி ஒன்றரை வருடம் அவள் வாசலில் நின்று சௌரியமா என்று கேட்டதை நினைத்துத்தான் கிடந்தார். "என்னைய அவ முன்னால கோமாளியாக்கிட்டியே பிலோமி" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். நாலாம் நாள் எழுந்து, முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு நடந்தார், நான் பத்தடி விட்டுப் பின்னால் போனேன்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் நிறுத்தினாள். அவர் செருப்பைக் கழற்றினார்.

"புஷ்பம், அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒன்னைப் பாக்க வந்தவங்ககிட்ட அப்படிச் சொன்னது நாந்தான். அதுக்கு ஒன்கிட்ட ஒரு நாளும் நான் பேசல. இப்ப ரெண்டுக்கும் சேத்துப் பேச வந்திருக்கேன். இந்தக் காலு ஒன்னுது. நான் வச்சுக்கலாமா?"

அவள் அந்தக் குதிகாலைப் பார்த்தாள். கறுத்த பாதத்தில் தன் நிறத்தில் ஒரு கையகலம் இருந்ததை ரொம்ப நேரம் பார்த்தாள். அது நனைந்துகொண்டே இருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் என்னையும் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். மில்லை ஓட்டினாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் எங்களிடம் கோபமாக இல்லை, என் அரிசியை அரைத்துக் கொடுக்கிறாள், நல்லது கெட்டதுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து போகிறாள். அழ வேண்டியிருந்தால் அவள் கண்ணாலேயே அழுகிறாள், பதினொன்றில் ஒரு பங்கு மட்டும் இன்னும் என் வீட்டுக்கு வருகிறது, மத்தியானம் நான் அவர் காலைத் துடைத்துவிடுகிறேன். தினமும் காலையில் பாத்திக்குப் போகிற வழியில் அவர் மில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார், ஒன்றும் கேட்க மாட்டார். அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மாவுக்குத் திரும்புவாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். அவருக்கு ஒரு பதில் கிடைத்த பிறகுதான் நான் எனக்காக மன்னிப்புக் கேட்க முடியும், அதனால் நானும் தினமும் போய் அவருக்குப் பின்னால் நிற்கிறேன்.